சிங்கமுகன் தலைக்குள் ஒரு பிளாஸ்க்

கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள் பின்னேரப் பூசையில், தீபாராதனை முடிந்து மணி ஓய்ந்த அந்த ஒரு நொடி அமைதியில், பத்மநாதன் ஏவறை விட்டார்.

சின்ன ஏப்பம்தான். முன்னால் நின்ற ஐயருக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்ற பெண்களுக்கும் கேட்கவில்லை. மூன்றாம் வரிசையில் கைகூப்பி நின்ற உருத்திரமூர்த்திக்கு மட்டும், லுசேர்ண் ஏரியில் கப்பல் புறப்படும்போது ஊதுமே, அந்தச் சத்தத்தில் கேட்டது. நாலு நாளாகத் தண்ணீரும், மாலையில் ஒரு பேணி மிளகுத் தண்ணீரும் மட்டுமே குடித்த வயிற்றுக்குள் ஏவறை எங்கிருந்து வந்தது? உருத்திரமூர்த்தியின் வயிற்றிலிருந்து நாலு நாளாக வருவதெல்லாம் வெறும் புலம்பல். அந்த வயிறு இப்போது முதுகெலும்போடு நேருக்கு நேர் கதைக்கத் தொடங்கியிருந்தது.

ஏவறைக்குப் பின்னால் இரண்டு நொடி பிந்தி அதன் வாசம் வந்தது. வெண்ணெயில் பொன்னிறமாக வாட்டிய வெங்காயம். மெல்லிய வளையமாக வெட்டி, அவசரப்படாமல், சின்ன நெருப்பில் வாட்டியது.

உருத்திரமூர்த்தியின் மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் முப்பத்துநாலு வருடம் வேலைசெய்த மூக்கு அது. கோப்பை கழுவுகிறவராக உள்ளே போனவர், கடைசிப் பத்து வருடமும் சோஸ் வகைகளுக்கே பொறுப்பாக இருந்தார். மூன்றாம் மாடியில் பால் பொங்கப்போவதை நிலக்கீழ் அறையில் நின்று சொல்லுவார். தலைமைச் சமையற்காரர் கிரீம் பெட்டியில் போட்டிருக்கும் திகதியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கி இவருடைய மூக்குக்குக் கீழே பிடிப்பார். மூக்கு சுருங்கினால் பெட்டி குப்பைக்குப் போகும். அந்த மூக்கு இதுவரை பிழைவிட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்படித்தான் அவர் சொல்லுவார்.

அந்த மூக்கு இப்போது பத்மநாதனைப் பார்த்துச் சுருங்கியது.

பத்மநாதன் கோயில் தலைவர். உருத்திரமூர்த்தியை விட இரண்டு வயது மூத்தவர். அதே ஹோட்டலில் வரவேற்பறைப் பக்கம் பெட்டி தூக்கியவர். மனைவி காலமாகி மூன்று வருடம். பக்தி என்றால் அவர், விரதம் என்றால் அவர் என்று லுசேர்ண் முதல் பேர்ண் வரை பேர். அதைவிட முக்கியமானது, சூரன்போரில் முருகனைத் தூக்கும் முன் வலத்தண்டு அவரிடம் இருந்தது.

இந்தக் கோயில் நகரத்துக்கு வெளியே, தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் யன்னல் சட்டம் செய்கிற பட்டறை, மறுபக்கம் அந்தப் பட்டறைக்காரரின் கன்டீன். ஆறாம் நாள் சூரன்போர் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். முருகனைத் தூக்க எட்டுப் பேர், சூரனைத் தூக்க எட்டுப் பேர். முருகனைத் தூக்குகிறவர் ஒவ்வொருவரும் தண்டில் தோள் வைக்க முன்பு, ஐயர் நீட்டும் வேலில் கையை வைத்து, "என்ரை விரதம் பிசகேல்லை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லவேண்டும். சூரன் பக்கம் அந்த நிபந்தனை கிடையாது. விரதம் முறிந்தவர்கள், தொடங்காதவர்கள், ஸ்டேஷன் வாசலில் கெபாப் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் சூரனுக்குத்தான். அசுரனைத் தூக்க அசுர பலம் வேண்டும் என்று ஐயரே நாகரிகமாகச் சொல்லிவிடுவார்.

உருத்திரமூர்த்தி முப்பத்துநாலு வருடமும் சூரனைத்தான் தூக்கினார். சோஸ் சுவை பார்க்கிறவன் எப்படி விரதம் பிடிப்பது? மாட்டிறைச்சிச் சாற்றை நாக்கில் வைத்துவிட்டு வேலில் கை வைக்க முடியுமா? அவருடைய வலது தோளில் சூரனின் தண்டு ஒரு பள்ளமே போட்டுவிட்டது. மழை பெய்தால் அதில் அரைப் பேணி தண்ணீர் நிற்கும். இந்த மார்ச்சில் பென்ஷன் வந்தது. சுவை பார்க்கும் சின்னக் கரண்டியை மட்டும் ஹோட்டல் நினைவாகக் கோட்டின் உள்பொக்கெற்றில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்த அன்றே மனைவியிடம் சொன்னார்:

"இந்த வருசம் ஆறு நாளும் பிடிக்கிறன். ஒருக்காலெண்டாலும் முருகன்ரை முன் வலத்தண்டிலை தோள் வைக்கவேணும். அதுக்குப் பிறகு என்ன நடந்தாலும் பரவாயில்லை."

பத்மநாதனிடமும் கேட்டுப்பார்த்தார். "அடுத்த வருசம் பாப்பம், ருத்திரன்," என்றார் அவர். பதினெட்டு வருடமாக அந்தத் தண்டை வைத்திருந்தவர் அப்படித்தானே சொல்லுவார். ஆனால் பத்மநாதனின் விரதம் பிசகினால்? அடுத்த மூத்தவர் என்றபடியால் அந்தத் தண்டு நேரே உருத்திரமூர்த்தியின் தோளுக்கு வரும். பிறகு ஒரு ஏவறையை எப்படிச் சும்மா விடுவது?

அன்று பூசைக்கு முன்பு பத்மநாதன் களஞ்சிய அறைக்குள் போனதும், பத்து நிமிடத்தில் கைலேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும் அவருக்கு இப்போது நினைவு வந்தது. மற்றவர்களின் உதடு ஏரிக்கரைச் சேறு காய்ந்ததுபோல வெடித்துக் கிடக்க, பத்மநாதனின் உதடு மினுங்கியது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தில்லைநாயகியிடம் சொன்னார். அவருடைய மனைவி, இருபத்திரண்டு வருடமாகச் சஷ்டி பிடிப்பவள்.

"இஞ்சேரப்பா, பத்மநாதண்ணை சாப்பிடுறார்."

"ஆர் சொன்னது?"

"அவரின்ரை ஏவறை சொன்னது."

தில்லைநாயகி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே பனிப்புகாரைத் தவிர எதுவும் இல்லை. "நாலு நாள் பட்டினி. உங்களுக்குக் காது அடைச்சுப்போச்சு. கண்டதும் கேக்கும்."

"மணந்ததப்பா. வெங்காயம்."

"பக்கத்திலை கன்டீன் இருக்கெல்லோ. அவங்கள் சமைக்கிறது."

"அது பின்னேரம் பூட்டிப்போடுவாங்கள்."

"உங்கடை விரதத்தைப் பிடியுங்கோ. அவரின்ரை விரதத்தை அவர் பிடிப்பார்."

இதில் ஏன் இவ்வளவு சூடு? உருத்திரமூர்த்தி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். இவள் ஏன் பத்மநாதனுக்கு வழக்காடுகிறாள்? அவளுடைய கன்னமும் கொஞ்சம் அதிகமாகவே பூரித்திருப்பதுபோல இருந்தது. சந்தேகம் என்பது ஒரு பஸ் தரிப்பில் ஏறிவிட்டால் மற்றத் தரிப்புகளில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டுதான் போகும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஐயர், செயலாளர் தயாநிதி, பூமாலை கட்டும் கலாவதி, காது மந்தமான ராசா, ஏன், பஸ் ஓட்டுகிற வெள்ளைக்காரன் உட்பட எல்லாரையும் சந்தேகித்து முடித்திருந்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கே கோயிலுக்குப் போனார். தில்லைநாயகி பூமாலை கட்டவென்று முன்னமே வந்து, பெண்களோடு மண்டபத்தில் இருந்தாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு களஞ்சிய அறைக்குள் நுழைந்தார்.

மறுநாள் போருக்காகச் சூரனின் தலைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். காகிதக் கூழால் செய்த தலைகள். உள்ளே வெறும் கூடு. யானைமுகன், சிங்கமுகன், சூரபத்மன். உருத்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் திறந்தார். யானைமுகனிடம் பழைய பசை வாசம். சூரபத்மனிடம் வர்ண வாசம். சிங்கமுகனிடம் வந்ததும் மூக்கு நின்றது.

சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டார். தொண்டைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. வெளியே எடுத்தார். சாப்பாடு சூடாக வைக்கிற நீலப் பிளாஸ்க்.

மூடியைத் திருகியதும் எழுந்த ஆவியை அவருடைய மூக்கு ஒவ்வொன்றாகப் பிரித்தது. மக்கரோனி, உருளைக்கிழங்கு, பாற்கட்டி, கிரீம், மேலே பொன்னிற வெங்காயம். மலை இடையர் சாப்பாடு. முப்பத்துநாலு வருடத்தில் அவர் கிண்டிய மக்கரோனியை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் இங்கிருந்து டாவோஸ் போய்த் திரும்பலாம்.

குற்றம் பிடிபட்டுவிட்டது. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் கதை முடிந்தது. ஆனால் அங்கேதான் அவருடைய தலைக்குள் ஒரு வக்கீல் எழும்பி நின்றான்.

இதற்குள் பன்றி இறைச்சி இருக்கிறதா? அந்தச் சாப்பாட்டில் சின்னத் துண்டாக வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. இருந்தால் அது மகாபாவம். இல்லையென்றால் வெறும் பாவம். தெரியாமல் ஒரு மனிதனைச் சபையில் நிறுத்தலாமா? நியாயம் என்று ஒன்று இல்லையா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பாற்கட்டி மூடியிருக்கிறது. சுவைத்துத்தான் சொல்லவேண்டும். சுவை பார்ப்பது சாப்பிடுவது ஆகாது. அது நாக்கின் வேலை. வயிற்றுக்கு அதில் பங்கில்லை. பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம்.

கோட்டுக்குள்ளிருந்து சின்னக் கரண்டி தானாக வெளியே வந்தது.

முதல் கரண்டியில் இறைச்சி இல்லை. ஆனால் மேலே இல்லாதது அடியில் இருக்கலாம். இரண்டாம் கரண்டியை ஆழமாக விட்டார். துப்ப மறந்துபோனது. மூன்றாவதில் நாக்கு திடுக்கிட்டது. சாதிக்காய். மற்றவர்கள் போடுவதைவிடச் சரியாக ஒரு சுரண்டல் அதிகம். உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் அந்த அளவில் போடுவான், அது உருத்திரமூர்த்தி. அப்படியென்றால் பத்மநாதன் விரதத்தை மட்டும் களவாடவில்லை, என்னுடைய கைப்பக்குவத்தையும் களவாடிவிட்டான். இந்த ஆத்திரத்தில் நாலாவது. எந்தக் காலத்தில் களவெடுத்திருப்பான் என்று யோசித்ததில் ஐந்து, ஆறு, ஏழு. நியாயத்தின் பாதையில் அவர் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது, கரண்டி 'டிங்' என்று அடித்தட்டில் மோதியபோதுதான் தெரிந்தது.

சிங்கமுகன் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உருத்திரமூர்த்தியின் கை, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. மூலையில் இருந்த குழாயில் சுடுதண்ணீர் பிடித்து, பிளாஸ்க்கைக் கழுவி, அலசி, கைலேஞ்சியால் துடைத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு முறை துடைத்து, மூடியைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்து, சிங்கத்தின் தொண்டைக்குள் திருப்பி விட்டது.

பத்மநாதன் ஐந்தரைக்கு வந்தார். நேரே களஞ்சிய அறைக்குள் போனார். உடனே திரும்பி வந்தார். முகத்தில் திருநீறு எது, தோல் எது என்று தெரியவில்லை. பூசை தொடங்கியது. உருத்திரமூர்த்தியின் வயிறு அமைதியாக இருந்தது. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. பாட்டுப் பாடத் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் பத்மநாதன் வியர்த்து, தள்ளாடி, வெட்டிய மரம்போலச் சாய்ந்தார்.

"ஐயோ, என்ன பக்தி," என்று கலாவதி அழுதாள். "அஞ்சு நாள் ஒரு பருக்கை இல்லாமல் நிண்ட மனுசன்."

கூட்டம் கைகூப்பியது. தில்லைநாயகி மட்டும் கைகூப்பவில்லை. பாய்ந்து வந்து கைப்பையைத் திறந்து, குளுக்கோஸ் வில்லைகளை எடுத்து அவருடைய வாய்க்குள் திணித்தாள்.

"விரதமெல்லோ, அக்கா," என்றார் தயாநிதி.

"நீர் அங்காலை தள்ளி நில்லும்."

பத்து நிமிடத்தில் பத்மநாதன் கண் திறந்தார். மயக்கத்தில் உள்ளே போனது விரதத்தைப் பாதிக்காது என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் இந்த உடம்போடு நாளைக்குத் தண்டு தூக்க விடமுடியாது என்று சபை முடிவெடுத்தது. தயாநிதி உருத்திரமூர்த்தியின் தோளில் தட்டினார். "முன் வலத்தண்டு இனி உங்களுக்குத்தான், அண்ணை. சந்தோசம்தானே?"

முப்பத்துநாலு வருடமாக எதிர்பார்த்த வார்த்தை அது. உருத்திரமூர்த்திக்குத் தொண்டைக்குள் சாதிக்காய் ஏறியது. அதோடு இன்னொரு கேள்வியும். விரதக்காரியின் கைப்பைக்குள் குளுக்கோஸ் எப்படி ஆயத்தமாக வந்தது?

வீட்டுக்கு வந்ததும் தில்லைநாயகி பையைத் திறந்து நீலப் பிளாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என்ன?" என்றார் உருத்திரமூர்த்தி, குரலில் ஆச்சரியத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு.

"என்ரை பிளாஸ்க். பத்மநாதண்ணைக்கு அஞ்சு நாளாச் சமைச்சுக் குடுக்கிறன். மத்தியானத்துக்கு வீட்டிலை, பின்னேரத்துக்கு இதுக்குள்ளை. அவருக்குச் சீனி வருத்தம் முத்திப்போச்சு, ஊசி போடுறார். ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடவேணும், விரதம் பிடிக்கவே கூடாதெண்டு டொக்ரர் கத்தியிருக்கிறார். சபைக்குச் சொல்ல அவருக்கு வெக்கம். சமைக்க வீட்டிலை ஆளுமில்லை. என்னட்டை வந்து அழுதார்."

"மக்கரோனியோ?"

"கறி மணந்தா எல்லாரும் பிடிச்சிடுவினம். இது மணந்தா கன்டீன் எண்டு விட்டிடுவினம். நீங்கள் ஒரு ஆள் மட்டும் விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னா அடுத்த பஸ் வாறதுக்கு முன்னம் கதை சூரிச்சிலை நிக்கும்." அவள் கதிரையில் இருந்தாள். "இண்டைக்கு ஊசியைப் போட்டிட்டு வந்து திறந்து பாத்திருக்கிறார். உள்ளை ஒண்டுமில்லை. அந்த மனுசன் செத்துப்போயிருப்பார், தெரியுமோ?"

உருத்திரமூர்த்தி வாயைத் திறந்தார். "எலி ஏதும்..."

"எலி சுடுதண்ணியிலை கழுவுமோ? துடைச்சு, வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்து, மூடியைக் கவிட்டு வைக்குமோ? பத்மநாதண்ணை முப்பது வருசமா ஒரு பேணி கழுவினதை ஆரும் கண்டதில்லை. கண்ணாடி மாதிரி மினுங்குற இந்தப் பிளாஸ்க்கைக் கண்ட உடனை எனக்கு விளங்கீட்டுது, சிங்கத்துக்குள்ளை ஆர் கை விட்டதெண்டு."

"பத்மநாதண்ணைக்குத் தெரியுமோ?"

"அவரும் உங்களோடை ஒரே ஹோட்டலிலைதானே வேலை செய்தவர்."

உருத்திரமூர்த்தி நிலத்தைப் பார்த்தார். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டார். "சமைக்கேக்கை... உப்புப் புளி பாக்கிறதுக்கு... நீயும் கொஞ்சம் வாயிலை வைச்சனியோ?"

தில்லைநாயகி அவரை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு நீங்கள் வேலிலை கை வைப்பியளோ?"

ஆறாம் நாள் மூன்று மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் அடுப்பில்லாமல் பொங்கிய பால்போலப் புகார் நின்றது. கார்களை அகற்றிக் கோலம் போட்டிருந்தார்கள். முருகன் மயிலில் அலங்காரமாக நிற்க, எதிரே சூரன் சிங்கமுகத்தோடு பல்லைக் காட்டினான். பத்மநாதன் கம்பளி சுற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். ஐயர் வேலை நீட்டினார்.

"உருத்திரமூர்த்தி, முதல்லை நீங்கள் வாங்கோ."

அவர் போனார். தலைக்குள் இருந்த வக்கீல் கூடவே நடந்துவந்தான். சுவைதானே பார்த்தாய். பார்த்தது யார்? பத்மநாதன் வாய் திறக்கமாட்டார், திறந்தால் அவருடையதும் வெளியே வரும். மனைவி காட்டிக்கொடுக்கமாட்டாள். வேல் பித்தளை, பித்தளைக்கு மூக்கு இல்லை. ஒரு வசனம், அவ்வளவுதான். முப்பத்துநாலு வருடம் காத்திருந்த தோள்.

கை வேலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நன்றாகத் துலக்கிய வேல். உருத்திரமூர்த்தி வழக்கம்போலக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். கோடு இல்லை, அவருடைய முகம்தான் இருந்தது. நேற்றுப் பிளாஸ்க்கின் அடியிலும் இதே முகத்தைத்தான் பார்த்தார், கன்னத்தில் பாற்கட்டியோடு.

கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, என்ரை தோள் சூரனுக்குப் பழகின தோள். நான் அங்காலை போறன்."

அவர் கோலத்தைக் கடந்து சூரன் பக்கம் போவதற்குள் நூற்றைம்பது சோடிக் கண்கள் அவருடைய முதுகில் ஏறிக்கொண்டன. என்ன தின்றிருப்பான், எப்போது தின்றிருப்பான் என்று ஒவ்வொரு கண்ணும் கணித்தது. அவர் சிங்கமுகனுக்குக் கீழே போய்ப் பழைய பள்ளத்தில் பழைய தண்டை வைத்தார். அச்சொட்டாகப் பொருந்தியது.

அப்போது கதிரை கிரீச்சிட்டது. பத்மநாதன் எழும்பி, மெல்ல மெல்லக் கோலத்தைக் கடந்து வந்தார்.

"ருத்திரன், கொஞ்சம் தள்ளி நில். எனக்கும் ஒரு இடம் வேணும்."

"அண்ணை, உங்கடை உடம்பு..."

"மத்தியானம் நல்லாச் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்," என்றார் பத்மநாதன், ஐயருக்கும் கேட்கும் குரலில். "டொக்ரர் சாப்பிடச் சொன்னவர். ஆறு நாளும் சாப்பிட்டனான்."

கோயில் தலைவரே போய்விட்டார். தயாநிதி தொண்டையைச் செருமினார். "சூரன் பக்கம் பாரம் கூடப் போல கிடக்கு. நானும் ஒரு கை குடுக்கிறன்." அவருக்குப் பின்னால் இன்னொருவருக்கு முழங்கால் வலி நினைவு வந்தது. இன்னொருவருக்குச் சூரன் மீது திடீர்ப் பாசம். ஒருவர் ஒன்றுமே சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு, புகாருக்குள் நழுவி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். எட்டுப் பேர் தூக்கவேண்டிய சூரனுக்குக் கீழே பதினாறு பேர் நெரிந்தார்கள். தண்டு போதாமல் சிலர் சூரனின் காலைப் பிடித்துக்கொண்டார்கள். முருகனுக்கு அருகில் ராசா மட்டும் நின்றார். காது மந்தமானபடியால் என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஐயர் வேலும் கையுமாக வானத்தைப் பார்த்தார்.

தில்லைநாயகி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். நேரே வந்து வேலில் கையை வைத்தாள். "என்ரை விரதம் பிசகேல்லை," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். ராசாவுக்கே கேட்டிருக்கும். பிறகு போய் முன் வலத்தண்டில் தோளை வைத்தாள். கலாவதி பின்தொடர்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். முருகன் எழும்பினார்.

முன் வலத்தண்டு. உருத்திரமூர்த்தி கண்ணிமைக்காமல் பார்த்தார். வேலில் வைக்க முன்பு அவளுடைய கை ஒரு கணம் நின்றதா? நின்றதுபோலத்தான் இருந்தது. இல்லை, குளிராக இருக்கலாம். அஞ்சு நாள் மக்கரோனி கிண்டியவள், நுனிநாக்கிலாவது வைக்காமல் சாதிக்காயை அவ்வளவு அச்சாக எப்படிப் போட்டாள்?

"சாதிக்காய் கொஞ்சம் கூட எண்டு தங்கச்சிக்குச் சொல்லு," என்றார் பக்கத்தில் பத்மநாதன்.

"அது அளவுதான், அண்ணை."

மேளம் இடித்தது. பதினாறு பேரும் சூரனை ஆட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். எதிரே மயில் அசைந்து அசைந்து வந்தது. சிங்கமுகனும் முருகனும் முகத்துக்கு முகம் நெருங்கியபோது, அவருக்கும் தில்லைநாயகிக்கும் இடையில் இரண்டு அடிகூட இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பி, குளிருக்கு அவள் போர்த்தியிருந்த சால்வையைத் தூக்கி இவருடைய முகத்துக்கு நேரே விரித்தது. முப்பத்துநாலு வருட மூக்கு, அழைக்காமலே, அகலத் திறந்தது.

உருத்திரமூர்த்தி ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மூக்கை இறுக்கிப் பொத்தினார்.

"என்ன ருத்திரன், மூக்கைப் பொத்துறாய்?"

"சும்மா தூக்குங்கோ, அண்ணை."